முள்ளு நின்னா என்ன... நீங்க நிக்காதீங்க!

முதல் மாசம் 3.5 கிலோ அவுட். ரூம்ல ஒரே கைதட்டல்! ரெண்டாவது மாசம் 1.5 கிலோ. பரவாயில்லை, வண்டி ஓடுது! மூணாவது மாசம்..? முட்டை. சைபர். பூஜ்யம்!

அதே காலை 6 மணி கிரவுண்டு. அதே ரவுண்டு. மெஸ்ஸில் அதே, 'அண்ணே... எனக்கு மட்டும் எண்ணெய் ஊத்தாம ஒரு தோசை' கெஞ்சல். எதையும் மாத்தலை. ஆனா, எடை மெஷின் முள்ளு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மெஷினைத் தட்டிப் பார்க்கிறோம். செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் பார்க்கிறோம். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டும் ஏறிப் பார்க்கிறோம். ம்ஹூம்!

இந்த இடத்துலதான் பல பேர் கவுந்துடறாங்க. ஒரு கோஷ்டி, 'போங்கடா நீங்களும் உங்க டயட்டும்'னு அன்னிக்கு ராத்திரியே பரோட்டா கடை பெஞ்ச்ல உக்கார்ந்துடும். இன்னொரு கோஷ்டி செய்யறது அதைவிட ஆபத்து. சாப்பிடறதையும் பாதியாக்கிட்டு, ராத்திரி பட்டினி கிடக்க ஆரம்பிக்கும். ரெண்டு கோஷ்டியும் சறுக்கறது ஒரே இடத்துலதான். முள்ளு நின்னதும், 'எனக்கு வில் பவர் பத்தலை'ன்னு முடிவு கட்டிடறாங்க.

மேட்டர் என்னன்னா... பெரும்பாலும் அது உங்க வில் பவர் பிரச்னையே இல்லை. உங்க உடம்பு அதோட வேலையைக் கரெக்டா பார்க்குதுன்னு அர்த்தம். இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கிற பேர் 'பிளாட்டோ'. ஸ்கூல்ல படிச்ச அதே பீடபூமிதான்! மலையில இருந்து இறங்கும்போது நடுவுல வர்ற சமதளம். அங்கே ஏன் வந்து நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டா, பயம் போயிடும். பயம் போனா பாதி ஜெயிச்ச மாதிரி.

முதல் மாச ஜாக்பாட்!

முதல்ல ஒரு உண்மை. கோவிச்சுக்காதீங்க. முதல் மாசம் காணாமப் போன அந்த 3.5 கிலோவும் கொழுப்பு இல்லை.

நாம சாப்பிடற சாதம், இட்லி, சப்பாத்தியில கொஞ்சத்தை உடம்பு 'கிளைக்கோஜன்'ங்கிற பேர்ல கல்லீரல்லயும் தசையிலயும் ஸ்டாக் வெச்சிருக்கு. மொத்த ஸ்டாக் சுமார் அரை கிலோ. இதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைக் கூடவே பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாட்டைக் குறைச்சதும் உடம்பு முதல்ல கை வைக்கிறது இந்த ஸ்டாக்லதான். அது கரைய, தண்ணியும் கூடவே கிளம்ப, சிப்ஸ், ஊறுகாயை விட்டதால உப்பு குறைஞ்சு இன்னும் கொஞ்சம் தண்ணி வெளியேற... ஒண்ணு, ஒன்றரை கிலோ அசால்ட்டா இறங்கிடும்.

கொழுப்புக் கணக்கு தனி. ஒரு நாளைக்கு 500 கலோரி குறைச்சா, 30 நாளைக்கு 15,000. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல இருக்கிறது சுமார் 7,700 கலோரி. வகுத்துப் பாருங்க... கிட்டத்தட்ட 2 கிலோ! அதுதான் அந்த மாசத்தோட ஒரிஜினல் ஸ்கோர். மிச்சமெல்லாம் தண்ணி போட்ட ஆட்டம். முதல் மாச ஜாக்பாட்டை அளவுகோலா வெச்சுக்கிட்டா, அடுத்து வர்ற எல்லா மாசமும் ஃபெயில் மாதிரிதான் தெரியும்.

செலவு குறையுது... பசி கூடுது!

பைக்ல பின்னாடி உக்கார்ந்திருந்த ஃப்ரெண்டு இறங்கிட்டா வண்டி பெட்ரோலைக் கம்மியாத்தானே குடிக்கும்? உடம்பும் அப்படித்தான். 1990-ல வெளியான மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. டயட்டீஷியன்கள் இன்னிக்கும் யூஸ் பண்றது. அதுபடி 20 வயசு, 170 செ.மீ. உயரம், 90 கிலோ எடை இருக்கிற பையன் சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு 1,868 கலோரி செலவாகும். அதே பையன் 80 கிலோவுக்கு வந்துட்டா 1,768தான். அதாவது, இளைச்சதுக்குப் பரிசா 100 கலோரி பட்ஜெட் கட்! இது போக, டயட்ல இருக்கும்போது நமக்கே தெரியாம நடமாட்டத்தையும் குறைச்சுடறோம். படிக்கட்டுக்குப் பதிலா லிஃப்ட், நின்னு அரட்டை அடிக்கிறதுக்குப் பதிலா உக்கார்ந்து அரட்டை!

ஆனா, பெரிய வில்லன் இது இல்லை. பசி!

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துல ஆராய்ச்சி பண்ற கெவின் ஹால் குழு 2016-ல ஒரு சூப்பர் கணக்கு போட்டாங்க. சர்க்கரை நோய்க்கான ஒரு மாத்திரை, ரத்தத்துல இருக்கிற சர்க்கரையில கொஞ்சத்தைச் சிறுநீர் வழியா வெளியே தள்ளிடும். அதைச் சாப்பிட்டவங்களுக்குத் தினமும் கலோரி லீக் ஆகறதே தெரியாது. 'டயட்ல இருக்கோம்'ங்கிற எண்ணமே இல்லாம எடை குறையும். அப்போ அவங்க எவ்வளவு கூடுதலா சாப்பிடறாங்கன்னு பார்த்தா, பசியோட கைவரிசை பளிச்னு தெரிஞ்சுடும் இல்லையா? ரிசல்ட் என்ன தெரியுமா? ஒரு கிலோ எடை குறைஞ்சா, உடம்போட செலவு நாளைக்கு 20-30 கலோரி குறையுது. பசியோ நாளைக்குச் சுமார் 100 கலோரி கூடுதலா கேக்குது. செலவுக் குறைப்பை விட மூணு மடங்குக்கு மேல!

இப்போ நம்ம பையனுக்கு வருவோம். முதல் நாள் அவன் விட்ட இடைவெளி 500 கலோரி. 5 கிலோ குறைஞ்ச நேரத்துல செலவு சுமார் 125 கலோரி குறைஞ்சிருக்கும். பசி 500 கலோரி எக்ஸ்ட்ரா கேக்கும். அவன் நல்ல பையன்... முழுசா கொடுக்கலை. பாதியைத்தான், அதுவும் தெரியாமத்தான் கொடுக்கறான். ரெண்டு கைப்பிடி சாதம், ஒரு டீ, ஃப்ரெண்டு தட்டுல இருந்து அரை வடை. அது 250. ஆக, 500-ல இருந்து 125-ம் 250-ம் போக மிச்சம் 125 கலோரிதான்! மாசத்துக்குக் கணக்கு பண்ணினா அரை கிலோ.

இதுல கவனிக்க வேண்டிய பாயின்ட் ஒண்ணு இருக்கு. அவன் சோம்பேறி ஆகலை. முதல் நாளை விட இப்பதான் அதிகமா போராடறான். தினமும் தன் பசியோட பாதியை ஜெயிச்சுக்கிட்டிருக்கான். மெஷின்ல மட்டும் அது தெரியலை!

கனவுல வந்த சாப்பாடு!

இந்தப் பசி வயித்துல மட்டும் நிக்காது, மண்டையிலயும் ஏறி உக்கார்ந்துக்கும். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிற விஞ்ஞானி ஒரு பரிசோதனை பண்ணினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தரலைன்னு சொன்ன 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களா முன்வந்தாங்க. 1945-ல 24 வாரம், நாளைக்குச் சுமார் 1,570 கலோரி சாப்பாடு. அதோட வாரத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர் நடை. அவங்க எடையில கால்வாசி போச்சு.

அதைவிட முக்கியம், அவங்களோட மனசுக்கு என்ன ஆச்சுங்கிறது. எப்பப் பார்த்தாலும் சாப்பாட்டு நினைப்பு. கனவுலயும் சாப்பாடு. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பிச்சாங்க. எரிச்சல், சோர்வு, தனிமை. எல்லாரும் நல்லா இருந்த பசங்கதான். பட்டினி போட்டா எந்த மூளையும் இப்படித்தான் ஆகும்னு அந்தப் பரிசோதனை காட்டிடுச்சு.

'இதுக்கெல்லாம்தான் இப்ப ஊசி வந்துடுச்சே'ன்னு சில பேர் கேப்பீங்க. செமாக்ளூடைட் ஊசியோட பெரிய ஆய்வு 2021-ல வெளியாச்சு. 68 வாரத்துல சராசரியா 15 சதவிகித எடை குறைஞ்சுது. ஆனா, அந்த கிராஃபைப் பாருங்க... கடைசி வாரங்கள்ல கோடு படுத்துடும்! ஊசி போட்டாலும் பீடபூமி உண்டு மக்களே. (அந்த ஊசி டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஃப்ரெண்டுகிட்ட கேட்டு வாங்கிப் போடறது அல்ல!)

செல்போன் சார்ஜ் தத்துவம்!

எலெக்ட்ரிக்கல் பசங்களுக்கு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற கிராஃப் ஞாபகம் இருக்கும். முதல்ல சர்ர்ருனு ஏறும். போகப்போக வளைஞ்சு, கடைசியில ஒரு கோட்டை ஒட்டிப் படுத்துக்கும். மத்த டிபார்ட்மென்ட்காரங்க உங்க செல்போனையே பாருங்க. 20-ல இருந்து 60 சதவிகிதத்துக்குச் சட்டுனு போகும். கடைசி 20 சதவிகிதத்துக்கு உயிரை வாங்கும். அதுக்காக சார்ஜரைத் தூக்கிப் போட்டுடறோமா என்ன?

எடை குறையற கிராஃபும் இதே குடும்பம்தான். நேர்கோடு கிடையாது, வளைவு! கெவின் ஹால் குழு 2011-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல எழுதின கணக்குப்படி, சாப்பாட்டுல ஒரு மாற்றத்தைச் செஞ்சு அதை நிரந்தரமா கடைப்பிடிச்சா, கிடைக்க வேண்டிய மொத்த எடைக் குறைப்புல பாதி கிடைக்கவே ஒரு வருஷம் ஆகும். 95 சதவிகிதம் கிடைக்கச் சுமார் மூணு வருஷம். நாம என்னடான்னா, கல்ச்சுரல்ஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஆரம்பிக்கிறோம்!

இன்னொரு சிக்கல், நாய்ஸ். நம்ம எடை ஒரே நாள்ல ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறி இறங்கறது சகஜம். நேத்து ராத்திரி உப்புத் தூக்கலா சாப்பிட்டிருந்தா தண்ணி தேங்கும். புது எக்சர்சைஸ் பண்ணித் தசை வலிச்சாலும் தேங்கும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டின நாட்கள்ல தேங்கும். மாசத்துக்கு அரை கிலோ குறையற சிக்னல், இந்த நாய்ஸுக்குள்ள எங்கே இருக்குன்னே தெரியாது. அப்போ முள்ளு நிக்குதுன்னு நீங்க நினைக்கிற நேரத்துல, உள்ளுக்குள்ள கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுக்கிட்டே கூட இருக்கலாம்!

பட்டினி டெக்னிக் வேண்டாம்!

முள்ளு நின்னதும் எங்க ஹாஸ்டல் நண்பர் ஒருத்தர் எடுத்த முடிவு, டின்னர் கட். நாலு நாள் தாங்கினார். அஞ்சாவது நாள் லேப்ல நின்னுக்கிட்டிருக்கும்போதே கண்ணு இருட்டி, டேபிளைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்துட்டார். அன்னிக்கு ராத்திரி கடைக்குப் போய், நாலு நாளுக்கும் சேர்த்து சாப்பிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மேல சொன்ன அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினப்போ, அதுல பல பேர் எவ்வளவு சாப்பிட்டும் அடங்காம அல்லாடினாங்க. பட்டினி போடற ஒவ்வொரு நாளையும் உடம்பு கடன் புக்ல எழுதி வெச்சுக்கும்!

இதுக்குப் பெரிய ஸ்கிரீன் உதாரணமும் உண்டு. அமெரிக்க டி.வி-யில 'தி பிகெஸ்ட் லூசர்'னு ஒரு ஷோ. கடும் டயட், மணிக்கணக்கா எக்சர்சைஸ். அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு மறுபடி சோதிச்சு 2016-ல வெளியிட்டாங்க. 30 வாரத்துல சராசரியா 58 கிலோ குறைச்சவங்க, அதுல 41 கிலோவைத் திரும்ப வாங்கிட்டாங்க. அவங்க உடம்பு ஓய்வுல செலவழிக்கிற கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதை விட நாளைக்குச் சுமார் 500 குறைவு.

ஆனா, கதையில ஒரு ட்விஸ்ட் இருக்கு. எல்லாரும் முழுசா திரும்ப ஏறலை. ஏறாம தாக்குப் பிடிச்சவங்க யாருன்னு 2017-ல அலசினா... உடல் உழைப்பை விடாம வெச்சிருந்தவங்க. ஷோவுக்கு முன்னாடி இருந்ததை விட அவங்க உழைப்பு 160 சதவிகிதம் கூடியிருந்தது. திரும்ப ஏறினவங்களுக்கு 34 சதவிகிதம்தான். 'என் மெட்டபாலிசம் ஸ்லோ, என் தலையெழுத்து'ன்னு சாக்கு சொல்ல முடியாதுங்க.

சென்னையில நடந்த சங்கதி!

இப்ப சொல்லப்போறதுதான் மெயின் மேட்டர். நம்ம சென்னையில நடந்தது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில 'இந்திய சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம்'னு ஒரு ஆய்வு. 2006-ல முடிவு வெளியாச்சு. சர்க்கரை நோய் வர்றதுக்கு ஒரு படி முன்னாடி நின்ன 531 பேரைப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு நடைப்பயிற்சி, சர்க்கரை, கொழுப்பைக் குறைச்ச சாப்பாடு. மத்த ரெண்டு குழுவுக்கு மாத்திரையும் சேர்ந்துது.

மூணு வருஷத்துல, சும்மா அறிவுரை கேட்ட குழுவுல 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. நடந்து, சாப்பாட்டை மாத்தின குழுவுல 39.3 சதவிகிதம் பேருக்குத்தான். ஆபத்து 28.5 சதவிகிதம் குறைஞ்சுது. சரி, அந்த நடைக் குழு எத்தனை கிலோ இளைச்சுது?

குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி எடை குறையவே இல்லை!

இன்னொரு தடவை படிங்க. முள்ளு நகரலை. ஆனா, சர்க்கரை நோய் தள்ளிப் போச்சு. அவங்க தினமும் மெஷின்ல மட்டும் ஏறிப் பார்த்து, 'ஒண்ணும் நடக்கலை'ன்னு நடையை நிறுத்தியிருந்தா..? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருக்கிற வீட்டுல இருந்து வந்தவங்க நம்மள்ல எத்தனை பேர்! நமக்கு இது வெறும் ஜீன்ஸ் சைஸ் விஷயம் இல்லை. நடந்த நடை வேஸ்ட் ஆகறதில்லைங்கிறதுக்கு, நம்ம ஊர்லயே எழுதி வெச்ச சாட்சி இது.

மீட்டரை மாத்துங்க!

ஆக, மோட்டிவேஷன் போறதுக்குக் காரணம் நாம பார்க்கிற மீட்டர் தப்பா இருக்கிறது. எக்ஸாம்ல ஒரு பேப்பரை மட்டும் வெச்சு மொத்த செமஸ்டரையும் எடை போடலாமா? மெஷினோட கூட இதையும் சேர்த்துக்கோங்க.

* வார சராசரி: தினமும் காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாருங்க. ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால வகுங்க. இந்த வார சராசரியைப் போன வார சராசரியோட மட்டும் ஒப்பிடுங்க. தினமும் எண்ணைப் பார்த்தா மனசு கெடுதுன்னா, வாரம் ஒரு நாள் போதும். பெண்கள் போன மாசம் அதே நாட்களோட ஒப்பிடறது நியாயமான கணக்கு.

* இடுப்பு டேப்: தையல்காரர் டேப் ஒண்ணு போதும். இந்தியர்களுக்கு டாக்டர்கள் சொல்ற எல்லை, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. மெஷின் நின்னாலும் டேப் நகரும். அந்த ஹாஸ்டல் நண்பர் இப்போ டின்னர் சாப்பிடறார். எடை 5 கிலோ குறைஞ்சதுலயே நிக்குது. பெல்ட்ல ரெண்டு ஓட்டை உள்ளே போயிருக்கு!

* படிக்கட்டு டெஸ்ட்: மூணாவது மாடி கிளாஸுக்கு ஏறிட்டு, நிக்காம ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா? மாசம் ஒரு தடவை செக் பண்ணுங்க.

* எண்ணிக்கை: எத்தனை தண்டால், எத்தனை ரவுண்டு, வாரத்துல எத்தனை நாள் கிரவுண்டுக்குப் போனீங்க. இந்த நம்பரெல்லாம் உங்க கையில இருக்கு. நாளைக்கு மெஷின் என்ன காட்டும்ங்கிறது உங்க கையில இல்லை. மார்க் போட்டுக்கிட்டா, உங்க கையில இருக்கிறதுக்குப் போட்டுக்கோங்க.

மெஸ்ஸுக்குள்ள ஒரு துப்பறியும் வேலை!

இடுப்பும் நகரலை, வார சராசரியும் ஒரு மாசமா அசையலைன்னா, அப்போ கொஞ்சம் துப்பறியலாம். 1992-ல நியூயார்க்ல ஒரு ஆய்வு. 'நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழதான் சாப்பிடறோம், எடை மட்டும் குறையவே மாட்டேங்குது'ன்னு சொன்னவங்களைச் சோதிச்சாங்க. சாப்பிட்டதைச் சராசரியா 47 சதவிகிதம் குறைச்சும், உடல் உழைப்பை 51 சதவிகிதம் கூட்டியும் சொல்லியிருந்தாங்க. வேணும்னே பொய் சொல்லலை... நிஜமாவே தெரியாது!

நம்ம மெஸ்லயும் அப்படி மறைஞ்சிருக்கிற ஆளுங்க உண்டு. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. குருமா மேல மிதக்கிறது எத்தனை ஸ்பூன்னு நீங்களே பாருங்க. டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நாலு டீ. 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி! 25 கிராமுக்குள்ள வெச்சுக்கிட்டா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டீயை விட வேண்டாம்... 'அண்ணே, சக்கரை அரை'ன்னு ஒரு வார்த்தை போதும்.

ஒரே ஒரு வாரம், வாய்க்குள்ள போறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. ஃப்ரெண்டு தட்டு வடையும் சேர்த்து! சாதத்தை ஒரு கரண்டி குறைச்சு பருப்பு, சுண்டல், முட்டை, மோர்னு நிரப்புங்க. புரதம் பசியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், தசையையும் காப்பாத்தும். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்கு.

அப்புறம், தூக்கம்! நைட் அவுட் பார்ட்டிகள் கவனிக்க. சிகாகோ பல்கலைக்கழகத்துல 2010-ல வெளியான ஆய்வு இது. ஒரே ஆட்களுக்கு ஒரே மாதிரி டயட். ரெண்டு வாரம் படுக்கையில 8.5 மணி நேரம், இன்னொரு ரெண்டு வாரம் 5.5 மணி நேரம்தான். ரெண்டு தடவையும் எடை சுமார் 3 கிலோ குறைஞ்சுது. ஆனா, நல்லா தூங்கினப்போ அதுல கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் கெட்டப்போ 0.6 கிலோதான்! மிச்சத்துல பெரும்பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பாகம். மெஷின் ரெண்டு தடவையும் ஒரே நம்பரைத்தான் காட்டுச்சு. மெஷினை நம்பி ஏமாறாதீங்கன்னு சொல்ல இதை விட என்ன வேணும்?

வாய் ஓயாத உலகம்!

'என்ன... ஜிம்முக்குப் போறேன்னு சொன்ன, அப்படியே இருக்கே?' கல்யாண வீட்டுல ஒரு அத்தை கண்டிப்பா கேப்பாங்க. செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போனா அதுக்கு நேர் எதிர். 'எலும்பும் தோலுமா ஆயிட்டியே'ன்னு அம்மா நெய்யை ஊத்துவாங்க. ரெண்டு பேரும் பாசக்காரங்கதான். ஆனா, ரெண்டு வார்த்தையும் நம்ம கிராஃபைக் கலைச்சுடும்.

முன்கூட்டியே பதில் தயாரா வெச்சுக்கோங்க. 'அப்படி நடந்தா, நான் இப்படிச் செய்வேன்'னு முதல்லயே முடிவு பண்ணிட்டா, அந்த நேரத்துல சபலம் ஜெயிக்கிறது குறையுதுன்னு மனோதத்துவ ஆய்வுகள் சொல்லுது. மழை வந்தா, கிரவுண்டுக்குப் பதிலா படிக்கட்டு 10 தடவை. ட்ரீட் வந்தா, ரெண்டு பரோட்டாவோட ஸ்டாப். அத்தை கேட்டா, 'மெதுவாத்தான் அத்தை, ஆனா திரும்ப ஏறாது'ன்னு ஒரு சிரிப்பு.

லீவு, எக்ஸாம், தீபாவளி வர்ற மாசங்கள்ல டார்கெட்டையே மாத்திடுங்க. 'குறைக்கணும்' இல்லை, 'ஏறாம இருக்கணும்'. பிடிச்சு நிறுத்தறதும் ஜெயிப்புதான். பசி தினமும் எக்ஸ்ட்ரா கேக்கும்போது எடை ஏறாம நிக்குதுன்னா, அங்கே யாரோ உழைச்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

எப்ப டாக்டரைப் பார்க்கணும்?

முதல்ல, நீங்க குறைக்க வேண்டிய ஆளான்னு பாருங்க. எடையைக் கிலோவுல எடுத்து, மீட்டர்ல உயரத்தை எடுத்து, எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்றது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 18.5-ல இருந்து 23-க்குள்ள இருந்தா நார்மல். 170 செ.மீ. உயரத்துக்கு சுமார் 66 கிலோ வரை ஓகே. அதுக்குள்ள இருக்கிற நீங்க, யாரோ கிண்டல் பண்ணினதுக்காக இன்னும் குறைக்கிறீங்கன்னா, நிறுத்த வேண்டியது சாப்பாட்டை இல்லை, அந்த டயட்டை!

தலை சுத்தல், கொத்துக் கொத்தா முடி கொட்டறது, மாதவிடாய் தள்ளிப் போறது, எப்பவும் சோர்வு... இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட போங்க. தைராய்டு, பி.சி.ஓ.எஸ். மாதிரி காரணங்களும் எடையைப் பிடிச்சு வைக்கலாம். டாக்டர் சோதிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி, ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கறதுன்னு போனா, அது சிகிச்சை தேவைப்படற நோய். வெக்கப்பட ஒண்ணுமே இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

மத்தபடி உங்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை, பீடபூமியில நிக்கிறீங்க, அவ்வளவுதான்னா... நாளைக்குக் காலையில அலாரத்தை மாத்தாதீங்க. அதே 6 மணி. மெஷினை ஒரு வாரத்துக்கு கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுட்டு ஷூ லேஸைக் கட்டுங்க. முள்ளு அதுபாட்டுக்கு நிக்கட்டும்... நீங்க நடங்க!